டேப்லட்டில் வாசித்த மன்றாட்டு

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்றது ஒரு டேப்லட்டால் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் கூடப்பிறந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஊர்தான் அது. எங்கள் இருவருக்கும் நடுவில் வரப்பு எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க டேப்லட் வந்து சேர்ந்தது.

சின்னமனூருக்கும் மேற்கு மலைக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. நான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. என் வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். ஆறு வயது மூத்தவரான அண்ணன் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் ராஜா, அவருடைய டெஸ்க்டாப். காலையில் வந்ததும் அதன் மேல் போர்த்திய துண்டை எடுத்து மடிப்பார். கீபோர்டைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, பெயிண்ட் பிரஷால் இடுக்கெல்லாம் தூசி எடுப்பார். அதன் பிறகுதான் சுவிட்ச். கீபோர்டில் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து அழிந்து பல வருடமாகிறது. அதில் அண்ணன் தமிழ் அடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! கண் திரையில் இருக்கும், வாய் கடைக்கு வந்தவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், பத்து விரலும் தம் பாட்டுக்கு ஓடும். ஊரில் பாதிப் பேருடைய மனுக்களும் பயோடேட்டாக்களும் அந்தக் கீபோர்டு வழியாகத்தான் உலகத்துக்குப் போயிருக்கின்றன.

என்னிடம் இருந்தது ஒரு லேப்டாப். வினாத்தாள் அடிக்கவும் மதிப்பெண் ஏற்றவும் அதுதான். அதன் பேட்டரி உயிரை விட்டு நாளாகிவிட்டதால் சுவரோரமாக வயர் எட்டுகிற இடத்தில்தான் குடித்தனம். மடிக்கணினி என்று பெயர் வைத்தவர் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை மடியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். தோசைக்கல்லை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சூடு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை தேனிக்கு பஸ் ஏறி டேப்லட் வாங்கி வந்தேன். அன்றையிலிருந்து என் கால்கள் தரையில் இல்லை. அரிசி மாவு டப்பாவில் சாய்த்து வைத்தால் அடுப்படியில் செய்தி ஓடும். தோட்டத்துக்கு எடுத்துப் போனால் பந்தல் நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டே பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தலாம். நினைவுக்கு வருவதை எல்லாம் அதிலேயே குறித்து வைப்பேன். ‘மிளகாய் காயப்போட வேண்டும்’, ‘மூன்றாம் வகுப்புக்கு வரைபடத் தாள் வாங்க வேண்டும்’ என்று எல்லாமே ‘வேண்டும்’தான். எழுதியதை எல்லாம் செய்து முடித்தேனா என்று கேட்காதீர்கள்.

அண்ணனிடம் காட்டினால் அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“படம் பாக்கத்தான் ஆத்தா அது லாயக்கு. வேல பாக்கணும்னா கீபோர்டு வேணும், மவுசு வேணும், நிமுந்து உக்கார ஒரு நாக்காலி வேணும்.”

“ஒங்க டெஸ்க்டாப்பத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போக முடியுமாண்ணே?”

“தோட்டத்துல எதுக்குத்தா கம்ப்யூட்டரு? அங்கன வேல பாக்கத்தான் மாப்ள இருக்காகல்ல?”

என் வீட்டுக்காரர் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சாயாமல் காப்பியை ஊதிக் குடிப்பார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்குக் காப்பிக்கு வருவது வழக்கம். எனக்குக் கல்யாணமான மறு வாரத்திலிருந்து நடக்கிற வழக்கம் அது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “காப்பி இருக்காத்தா?” என்று குரல் வரும். டேப்லட்டா டெஸ்க்டாப்பா என்ற சண்டையும் அந்தக் காப்பிக்குத் தொட்டுக்கொள்ளத்தான். உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் பகலெல்லாம் புதுப் புது வாதங்களை யோசித்து வைத்திருப்பேன்.

இப்படி விளையாட்டாக இருந்ததை வினையாக்கியது என் வாய்தான்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா ஆடியில் வரும். கொடியேற்றிய பிறகு பத்து நாளும் ஒவ்வொரு தெருவுக்கு ஒரு நாள். அன்றைய பூசைக்குப் பாட்டு, வாசகம், மன்றாட்டு, முடிந்ததும் பொங்கல், எல்லாம் அந்தத் தெருக்காரர் பொறுப்பு. அண்ணன் இருக்கிற தெருவையும் எங்கள் தெருவையும் சேர்த்து ஒரே நாள். அந்த நாளுக்கான மன்றாட்டுகளை எழுதி, டெஸ்க்டாப்பில் அடித்து, ஓரமெல்லாம் திராட்சைக் கொத்துப் படம் வைத்து அச்செடுத்துக் கொடுப்பவர் அண்ணன். யாரும் நியமிக்காத வேலை. வருடத்தில் அவர் ஆசையாகச் செய்கிற வேலையும் அதுதான். வாசிப்பது மட்டும் நான்.

வைகாசிக் கடைசியில் இரண்டு தெருவும் கூடித் திட்டம் போட்டோம். அண்ணன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நான் டேப்லட்டும் கையுமாகப் போயிருந்தேன். வாசகம் யார், பாட்டு யார் என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் நான் புகுந்தேன். இந்த வருடம் பேப்பரே வேண்டாம், மன்றாட்டை நானே டேப்லட்டில் எழுதி அதைப் பார்த்தே வாசித்துவிடுகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“போன வருசம் ரெண்டு வரி விட்டுப்போச்சு, நாந்தான் சமாளிச்சேன். அந்தப் பழைய டப்பாவ இன்னும் எத்தன வருசத்துக்குண்ணே ஓட்டப் போறீக?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் எனக்கு இன்னும் மனம் குளிர்ந்துபோயிற்று.

அண்ணன் கோபப்படவில்லை. நோட்டை மூடினார். “சரித்தா. இந்த வருசம் நீயே பாத்துக்க” என்று எழுந்து போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பழக்கதோஷத்தில் மூன்று டம்ளர் காப்பி ஆற்றிவிடுவேன். மீந்ததை வீட்டுக்காரர் குடித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புலம்புவார்.

“வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா நீ? போயி மச்சானக் கூப்பிடு” என்றார்.

“நான் சொன்னதுல என்ன தப்பு? டப்பாதான அது?” என்றேன். பிடிவாதம் என்று வந்துவிட்டால் நான் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு தாள் செராக்ஸ் எடுக்க அண்ணன் கடையைத் தாண்டிச் சின்னமனூருக்கு பஸ்ஸில் போனேன். கோயிலில் பார்த்த மதினி, “ரெண்டு பேருக்கும் தல நரைச்சதுதான் மிச்சம். அங்கன ஒங்க அண்ணன் வாயவே தெறக்க மாட்டேங்கிறாக” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பூசை முழுக்க என் மனம் பூசையில் இல்லை. அண்ணன் இல்லாத ஆறு மணி எனக்குப் பிடிக்கவில்லை. டேப்லட் இருந்தது, கூடச் சண்டை போட ஆள் இல்லை. அதைக் கையில் எடுத்தாலே எரிச்சலாக வந்தது.

இப்படியே இரண்டு மாதம் ஓடி எங்கள் தெருவின் நாள் வந்துவிட்டது. மாதா சுரூபம் வைத்த குகை போன்ற கெபிக்கு முன்னால் திறந்த வெளியில் பூசை. குமுளிப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. ஆடிக் காற்று சீரியல் பல்புகளைப் பிய்த்து எறியப் பார்த்தது. நான் பட்டுப் புடவையும் டேப்லட்டுமாக மேடையேறினேன். பேப்பராக இருந்திருந்தால் இந்தக் காற்றில் பறந்து தேவதானப்பட்டிக்கே போயிருக்கும் என்று எனக்குள் ஒரு சின்ன இறுமாப்பு. கூட்டத்தின் கடைசியில், கொடிமரத்தடியில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மன்றாட்டு என்பது இப்படி. ஒருவர் ஒரு வேண்டுதலை வாசித்து, “வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்” என்று முடிப்பார். உடனே கூட்டம் மொத்தமும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்லும். சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி, என்ன வேண்டுதல் என்று காது வாங்குவதற்கு முன்பே வாய் பதில் சொல்லிவிடும். வாசிக்கிறவர் நாக்கும் அப்படித்தான்.

திருச்சபைக்காக ஒன்று, நாட்டுக்காக ஒன்று என இரண்டை ராகமாக வாசித்தேன். அப்போதுதான் சாரல் விழுந்தது. திரையில் முத்து முத்தாக நீர். எழுத்து மறைக்கிறதே என்று முந்தானையால் இடமிருந்து வலமாக அழுத்தி ஒரு துடைப்புத் துடைத்தேன். கண்ணாடி ஜன்னலைத் துடைக்கிற மாதிரித் துடைத்தால் டேப்லட் சும்மா இருக்குமா? பக்கம் மாறிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டதை அதே ராகத்தில் எடுத்தேன்.

“மழைக்கு முன்னால் மோட்டார் அறைக் கூரையைச் சரிசெய்ய வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கூட்டம், பக்தியாக. விவசாய ஊர், மோட்டார் அறைக்காக மன்றாடினால் தப்பில்லை என்று நினைத்திருப்பார்கள் போல.

“பெரிய குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்க வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக்...” என்று ஆரம்பித்த குரல்கள் நடுவழியில் தடுமாறின. முன்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அமுக்கினாள். பின்னால் இருந்து சிரிப்பு அலையாக வந்தது. பூசை வைத்த பங்குச்சாமி தலையைக் குனிந்திருந்தார், அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஆட்டி என்னென்னவோ சைகை காட்டினார். நான் குனிந்து திரையைப் பார்த்தேன். என் ‘வேண்டும்’ பட்டியல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூன்றாவது வரிக்குக் கண் போனது.

‘வீம்பு பிடிக்காமல் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.’

எழுதியது நான்தான். செய்யாமல் விட்டதும் நான்தான். “மன்னிக்கணும், பக்கம் மாறிருச்சு” என்று சொல்லிப் பழைய பக்கத்துக்குப் போயிருக்கலாம், ஒரு விரலால் தள்ளுகிற வேலை. நிமிர்ந்து பார்த்தேன். கொடிமரத்தடியில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கேஸ்கட்டுக்காகக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நான் பார்க்காத முகம். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

“வீம்பு பிடிக்காமல் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று...” மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடித்தேன். “ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

இரண்டு தெருவும் சேர்ந்து, அந்தத் திருவிழாவிலேயே யாரும் கேட்டிராத சத்தத்தில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” என்றது. யாரோ கைதட்டவும் செய்தார்கள். பூசையில் கைதட்டக் கூடாது, ஆனாலும் பங்குச்சாமி தடுக்கவில்லை.

சத்தம் அடங்கியதும் கடைசியில் இருந்து அண்ணன் குரல் கேட்டது.

“கேட்டாச்சு. அடுத்ததப் படி ஆத்தா, மழ வருது.”

அடுத்ததை எங்கே படிப்பது? கண்ணில் நீர், திரையிலும் நீர். மீதி மன்றாட்டுகளை மனதில் வந்தபடி சொல்லி முடித்தேன்.

பூசை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடி வாழையிலையில் பொங்கல் வாங்கினோம். என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் கேஸ்கட் வாங்கியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அண்ணன் இலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “அதக் கொஞ்சம் கொண்டா” என்று டேப்லட்டைக் கேட்டார்.

முதல் தடவையாக அதைக் கையில் வாங்கினார். தடவத் தெரியவில்லை. கீபோர்டைக் குத்துகிற மாதிரி ஆள்காட்டி விரலால் குத்திக் குத்தி அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் எழுதிய தேதி சின்னதாக இருக்கும். மூன்றாவது வரியின் தேதியைக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். வைகாசியில் திட்டம் போட்ட கூட்டத்துக்கு மறுநாள் தேதி.

“ஏத்தா, மறுநாளே எழுதி வெச்சிருக்க. சொல்ல ரெண்டு மாசமா?”

“ஒங்க கடப்பக்கம் வரக் கால் கூசுச்சுண்ணே. நீங்களாச்சும் வந்திருக்கலாம்ல?”

அண்ணன் பொங்கலை ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினார்.

“வந்தேன்.”

“எப்ப?”

“தெனமுந்தான். ஆறு மணிக்குக் கடையச் சாத்திட்டு வருவேன். ஒங்க தெரு முக்குல கரண்டுக் கம்பத்துக்கிட்ட செத்த நேரம் நிப்பேன். பொறகு திரும்பிப் போயிருவேன்.”

அந்தக் கம்பத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஐந்து வீடுகள்தான்.