எலியேசர் பழக்கிய தோசைக்கல்

மம்சாபுரம் எலியேசர் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். எதையும் பழக்கி வழிக்குக் கொண்டுவராமல் விடமாட்டார். பெண்டாட்டி ரோசம்மாள் கண்ணை மூடிய பிறகு, பழக்குவதற்கு வீட்டில் யாருமில்லை. ராஜபாளையத்துக் கடையில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிவந்தார். வாசலில் பூனைத் தொல்லை என்று கூண்டை அடுப்படியில் மாட்டினார். ஆண் குருவியை ‘ஏலே’ என்பார், பெட்டையை ‘ஏட்டி’ என்பார். நாள் முழுக்க அவர் வாய் திறந்து பேசியது அந்த இரண்டிடம்தான். வேறு யாரிடம் பேச?

தோசை பிய்ந்து பிய்ந்து வருகிறது என்று போனில் புலம்பினார். பெங்களூரிலிருந்து மகள் ஷீனா ஒரு நான்ஸ்டிக் கல்லை அனுப்பிவைத்தாள். கூட வந்த தாளை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தோசைக்கல்லுக்குமா பாடப்புத்தகம்! புது இரும்புக்கல்லை ரோசம்மாள் பழக்கும் விதம்தான் அவருக்குத் தெரியும். வெறுங்கல்லை அடுப்பில் ஏற்றித் தீயைக் கூட்டினார். தீ ஆடாமலிருக்க ஜன்னலையும் சாத்தினார். புகை வரும்வரை காயட்டும் என்று விட்டுவிட்டு, கல்லில் தேய்க்க வெங்காயம் வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அடுப்படியில் நெடி தொண்டையைப் பிடித்தது. ஏலே கூண்டின் அடியில் விறைத்துக் கிடந்தான். ஏட்டிக்கு மட்டும் மூச்சு இருந்தது. எலியேசர் அடுப்பை அணைத்தார், ஏட்டியைத் துண்டில் பொதிந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

“செத்த நேரம் பொறுத்துக்கோ ஏட்டி, இந்தா வந்துட்டோம்.”

பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா துண்டைப் பிரித்துப் பார்த்தார். ஏட்டி வழியிலேயே போய்விட்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

“நான்ஸ்டிக்ல அளவா தீ வச்சு சமைச்சா பயமில்லைங்கய்யா. வெறுங்கல்லா ரொம்பக் காஞ்சா அந்தப் பூச்சுல இருந்து ஒரு புகை வரும். மனுசருக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போயிரும். பறவைக்குத் தாங்காது.”

எலியேசர் தலையாட்டினார். இதை ஷீனாவிடம் சொல்லக் கூடாது. ஆசையாய் அனுப்பியவள் நொந்துபோவாள். அப்படியானால் யாரிடமும் சொல்வதற்கில்லை.

“உங்களுக்கும் இருமுதே. வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?”

“இல்லம்மா” என்றார் எலியேசர். “நாங்க மூணு பேருதான் இருந்தோம்.”