தாத்தா மேல் ஏறும் பேத்தி

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லம்மா, நீங்க பேசுங்க!" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரவெல்லாம் கிடங்கைக் காவல் காத்துவிட்டுப் பகலில் தூங்கும் வாட்ச்மேன் தாத்தா அவர். வீடோ ஒரே அறை. அவர் தூக்கம் கெட்டால் ராத்திரி கண் சொக்கி வேலையே போய்விடும் என்று பயந்துதான், மருமகள் ஒன்றரை வயதுப் பேத்தியின் கையில் போனைக் கொடுத்து அடக்கி வைத்திருந்தாள்.

தாய்மார்களைப் பார்க்க வீடு வீடாக வரும் குழந்தைகள் மையத்து அக்கா அந்தப் போனைக் கவனித்துவிட்டு, "நான் திட்ட வரலம்மா. இவ ஓடணும், ஏறணும். ஏறுறதுக்கு இங்க என்ன இருக்கு?" என்று சுற்றிலும் பார்த்தாள். நாற்காலிகூட இல்லை.

அதற்குள் பேத்தி போனைப் போட்டுவிட்டுத் தாத்தாவின் தொப்பைமேல் ஏறிவிட்டாள்.

"ஐயோ மாமா!" என்று மருமகள் பதறினாள்.

"ஏறட்டும் விடும்மா. இந்தத் தொப்பை வேற எதுக்கு இருக்கு?"

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்து படுத்ததும் பேத்தி ஏறுவாள், சறுக்குவாள், ஆடிக் களைத்து அங்கேயே தூங்கியும் போவாள். அவரும் குறட்டை விடுவார். போன் அலமாரியில் கிடக்கும்.

இன்று காலை பேத்தி எழவே நேரமாகிவிட்டது. பாயில் புரண்டு புரண்டு பார்த்த தாத்தா கடைசியில் மருமகளைக் கூப்பிட்டார்:

"அவளைக் கொஞ்சம் எழுப்பும்மா. மிதி வாங்காம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."