ஏகாம்பரம் வீட்டு இரண்டாவது குடம்

எட்டு வீடு ஏறி இறங்கினோம். எட்டு வீட்டிலும் பொய் சொன்னார்கள். முப்பத்தோரு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக, அதாவது வி.ஏ.ஓ.வாக, குப்பை கொட்டியவளுக்கு எது பொய் என்று தெரியாதா? கேள்வியை முடிப்பதற்குள் "இல்ல" என்று வருகிற பதில் பொய். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு அந்த எட்டு வீட்டையும் பொய் சொல்ல வைத்தவள் நான்தான்.

1. கப்பல் காகிதம்

ரிட்டயர் ஆன பிறகு கூடுவாஞ்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து போன். "மேடம், சவுத் ஆப்பிரிக்காவுலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. அவங்க தேடுற ஊரு நீங்க வேலை பார்த்த ஊரு. கொஞ்சம் பேசுறீங்களா?"

அந்த அம்மா பெயர் கோகிலம். டர்பனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் பத்துச் சொல் தெரியும், மீதி இங்கிலீஷ். கையில் ஒரு நகல் வைத்திருந்தார். அவர் அப்பாவின் முப்பாட்டன் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியபோது எழுதிய பதிவு. பெயர் முனுசாமி. தகப்பன் பெயர் கன்னியப்பன். செங்கல்பட்டு ஜில்லா. ஊர், திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்த ஊர்.

"எனக்குச் சொத்து வேண்டாம் அக்கா" என்று இங்கிலீஷில் சொன்னார். "முனுசாமி ஒரு தம்பியை ஊரில் விட்டுவிட்டு வந்தார். அந்தத் தம்பியின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயசு. தினமும் போனில் அதை மட்டும்தான் கேட்கிறார். செவ்வாய்க்கிழமை எனக்கு ஃபிளைட். அந்தப் பெயர் இல்லாமல் ஏற மாட்டேன்."

முதல் நாளை நான் வீணடித்தேன். எந்த நிலம் யாருக்கு என்று சொல்லும் பழைய அ-பதிவேட்டில் முனுசாமிகளைத் தேடினேன். நிறைய முனுசாமிகள் இருந்தார்கள், கன்னியப்பன் மகன் மட்டும் இல்லை. சாயங்காலம்தான் மண்டையில் உறைத்தது. சொந்தமாகக் காணி வைத்திருந்தவன் எதற்குக் கப்பல் ஏறுகிறான்? நிலமில்லாதவனை நிலப் பதிவேட்டில் தேடிய மகா புத்திசாலி நான்.

2. பையும் நோட்டும்

வெள்ளிக்கிழமை ஊருக்குள் போனோம். தோளில் என் பழைய ஆபீஸ் பை, கையில் நோட்டு, பின்னால் கிராம உதவியாளர். பழக்க தோஷம். வாரிசு விசாரணையில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். தகப்பன் பெயரை நாமாகச் சொல்லக்கூடாது, அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். அதனால் முனுசாமி என்று மட்டும் கேட்டேன்.

எட்டாவது வீடு ஏகாம்பரம் வீடு. இரண்டு தண்ணி லாரி வைத்திருக்கிறவர். வயசு ஐம்பத்தைந்து இருக்கும்.

"இன்னா மேடம், ரிட்டேர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க?"

"ஆமாப்பா. உங்க வம்சத்துல முனுசாமின்னு ஒருத்தர் கப்பல்ல…"

"இல்ல மேடம். அப்டில்லாம் யாரும் கெடையாது. எங்குளுது ஒத்தப் புள்ள வழி."

"நான் இன்னும் கேட்டே முடிக்கலையே."

"இன்னாத்துக்குக் கேக்கறீங்க? வாரிசு விசாரணையா? பைபாஸ் ஓரம் எங்க நெலம் ஒரு கிரௌண்டு இன்னா வெல போவுதுன்னு இந்தம்மாவுக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏம்ப்பா, அவங்க உன் நிலத்தைப் பாயாட்டம் சுருட்டி ஃபிளைட்டுல எடுத்துனு போயிடுவாங்களா?" என்று கத்தினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் நான் பொருமிக்கொண்டே நின்றேன். கோகிலம் அம்மன் கோயில் ஸ்பீக்கரைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்க்கிறார்கள் என்ற அறிவிப்பு. அவருக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் கூழ் ஒன்று. டர்பனிலும் மாரியம்மனுக்கு ஊற்றுகிறார்களாம்.

"ஞாயிற்றுக்கிழமை வருவோம் அக்கா" என்றார். "இந்தப் பை வேண்டாம். வார்டில் நான் ஃபைலைத் திறந்துகொண்டு கேட்டால் நோயாளிகள் பொய்தான் சொல்வார்கள். ஃபைலை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் உண்மை வரும்."

என் முப்பத்தோரு வருஷ சர்வீஸைக் கவிழ்க்க அந்த ஒரு பேச்சே போதுமாயிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

3. வெளியூர் ஆளுக்கு ஊற்றும் குடம்

ஞாயிற்றுக்கிழமை பை இல்லை, உதவியாளரும் இல்லை. வரிசையில் சொம்போடு உட்கார்ந்தோம். வீட்டுக்கு ஒரு குடம் கூழ் கொண்டுவந்து கோயில் அண்டாவில் ஊற்றினார்கள். ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா மட்டும் இரண்டு குடம் கொண்டுவந்தாள். பெரிய குடத்தை அண்டாவில் கவிழ்த்துவிட்டுச் சின்னக் குடத்தோடு எங்களிடம் வந்தாள்.

"வாங்க மேடம், வெளியூரு ஆளுங்களாச்சே நீங்க. இருங்க, இதுலருந்து ஊத்தறேன்" என்று கோகிலத்தின் சொம்பை நிறைத்தாள்.

ஒன்பது ஆடிக்கு நானும் அந்தக் குடத்துக் கூழைக் குடித்திருக்கிறேன். நான் திண்டிவனத்துக்காரி, வெளியூர்தானே. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று அந்த வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்டவள், இதை ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

"மல்லிகா, இது யாருக்கு வைக்கிற குடம்?"

"போனவருக்கு மேடம். எங்க வூட்டுப் பெரியவரு ஒருத்தரு கப்பலேறிப் போனாராம். திரும்பவே இல்ல. எங்க போயி பசியோட கீறாரோன்னு எங்க மாமியாரு, அவங்க மாமியாரு, எல்லாம் வெச்சுகினு வராங்க. அண்டாவுல ஊத்த மாட்டோம். வெளியூரு ஆளு வயித்துக்குப் போனா அவரு வயித்துக்குப் போன மாரி."

அவளுக்குப் பின்னால் ஏகாம்பரம் மோர் வாளியோடு நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஒத்தப் புள்ள வழின்னியேப்பா?" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். ரெண்டு பொண்ணு கீது கட்டிக் குடுக்க. எங்க தாத்தா ஒழைச்சு வாங்குன அந்த நெலம்தான் ஆதாரம். நாளிக்கே கோர்ட்டு கேசுன்னு வந்தா பேஜாரு."

பாவமாக இருந்தது. மனுஷன் பயந்ததில் என்ன தப்பு? இருவர் சொன்னதையும் கோகிலத்திடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "எதுவும் வேண்டாம் என்று எழுதுங்கள் அக்கா, இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

திருவிழா நோட்டீஸ் ஒன்றை வாங்கி, பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

"ஏகாம்பரம், உங்க வம்சத்துலயே இல்லாத ஆளு எப்படிப்பா நிலத்துப் பங்கை விட்டுக்கொடுக்க முடியும்? யார் வழியில வந்தவங்கன்னு முதல்ல எழுதணும். உங்க வம்சாவளியைச் சொல்லு."

தலையைச் சொறிந்தார். மல்லிகாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எழுதிக்கங்க. மொதல்ல கன்னியப்பன்."

என் கை நின்றுவிட்டது. அந்தப் பெயரை ஊரில் ஒருவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

"கன்னியப்பனுக்கு ரெண்டு புள்ள. மூத்தவரு முனுசாமி, போனவரு. எளையவரு வேதகிரி. அவரு வழிதான் நாங்க."

கோகிலத்துக்குப் பெயர்கள் மட்டும் புரிந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதகிரி?" என்றார். "வேதகிரி" என்றேன். கேட்டதும் அழுதுவிட்டார்.

4. போன்

கையெழுத்துப் போட்ட கையோடு டர்பனுக்கு வீடியோ கால் போட்டார். ஸ்வெட்டரும் குல்லாயுமாக ஒரு கிழவர் திரையில் வந்தார். மகள் அவரிடம் அந்தத் தம்பியின் பெயரைச் சொன்னார். குடத்தைக் காட்டி அதன் கதையையும் சொன்னார். கிழவர் வேதகிரி, வேதகிரி என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு போனை ஏகாம்பரத்திடம் கொடுக்கச் சொன்னார். கிழவர் பேசிய தமிழ் உடைசல் தமிழ்தான், ஆனால் சுத்தமான நம்ம ஊர்த் தமிழ்.

"தம்பி, எங்குளுக்காவா இத்தினி வருசம் வெச்சுகினு கீறீங்க?"

ஏகாம்பரம் தலையை ஆட்டினார்.

"வயிறு நெறையத் துன்னுகினுதான் கீறோம். பசி இல்ல. உன் வூட்ல சொல்லு."

"சொல்றேன் பெரிப்பா" என்றார் ஏகாம்பரம்.

இரண்டு நாள் முன்னால் கதவைச் சாத்திய மனுஷன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

பதிவு செய்யாத அந்தத் தாள் கோர்ட்டில் செல்லாது. தாத்தா சொந்தமாக வாங்கிய நிலத்தில் கோகிலத்துக்குப் பங்கும் கிடையாது. இரண்டையும் எழுதும்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வம்சாவளி வந்திருக்காது. கிளம்பும்போது ஏகாம்பரத்திடம் சொன்னேன். "செல்லாங்காட்டி போவட்டும் மேடம்" என்று நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாரிசு விசாரணைக்குப் போகிற பிள்ளைகளே, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் பயத்தில் ஆளைக் குறைத்துத்தான் சொல்வார்கள். பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். யாருக்காக வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால் போனவனைக்கூடக் கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள்.