உள்ளிருந்து தட்டும் சத்தம்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது என் காதால் கேட்டது. என்னோடு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்று இல்லை.

என் அக்கா ஒரு பழக்கிடங்கில் வேலை பார்த்தாள். தோட்டங்களில் பறித்து வரும் பழங்களைப் பெட்டி பெட்டியாக உறைகுளிர் அறைக்குள் அடுக்கும் வேலை. அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. வெளியே இருப்பவர் திறந்தால்தான் உண்டு. அதனால் அங்கிருந்த பெண்கள் தாங்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் தட்ட வேண்டும். யாரென்று தெரிய, ஆளுக்கொரு விதமாக. அக்கா வேகமாக இரண்டு தட்டுவாள், கொஞ்சம் விட்டு ஒன்று.

“ஃப்ரிட்ஜுல இருக்கிற பால் பாக்கெட்ட எடுக்கக்கூட ஒருத்தர் கதவத் திறப்பாங்க. நமக்கு அதுவும் இல்லடி” என்று சிரிப்பாள்.

நான் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறேன். கைப்பிடியை மாற்றச் சொல்லி மறுபடியும் மேனேஜரிடம் போனேன். வேலை முடியும் நேரம். அந்தக் கதவருகிலேயே நின்று பேசினோம். அக்கா என் பக்கத்தில்.

“அடுத்த வாரம் ஆள் வருவாங்க மேடம்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

“இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

அப்போதுதான் கேட்டது. கதவுக்கு உள்ளிருந்து.

டக் டக்... டக்.

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“என்னடி இது... நான் தட்டுற மாதிரியே...”

டக் டக்... டக்.

“திறங்க!” என்று கத்தினேன்.

மேனேஜர் திறந்தார். புத்தகங்களில் மட்டுமே நான் படித்திருந்த ஒரு பனிக்காலம் முகத்தில் வந்து மோதியது. குளிர்ப்புகை. பெட்டிகள்.

யாரும் இல்லை.

“மெஷின் சத்தம் மேடம்!” மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே கிடங்கு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் மனுவோடு தொழிலாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

அக்கா...

அந்தக் கதவுக்குப் பின்னால்...

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“தட்டுற சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு மேடம். ரொம்ப நேரம்... ரெண்டு, அப்புறம் ஒண்ணு.”

“அப்புறம்?”

“நேத்து கேட்டதுதான்னு நினைச்சு... யாருமே திறக்கல.”