W-14 யாருடைய கை?

கும்மிடிப்பூண்டியில் அதிக அழுத்தம் தாங்கும் தொட்டிகளான பிரஷர் வெசல் செய்யும் ஒரு ஷாப்பில் க்யூ.சி., அதாவது தரச் சோதனை, பார்த்துக்கொண்டிருந்தேன். டெஸ்பாட்சுக்குத் தயாராக நின்ற வெசலைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், ஒரு பைப் ஜாயிண்டைத் துணியால் துடைத்து, பக்கத்தில் பஞ்ச் அடித்திருந்த வெல்டர் எண்ணை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் படித்தார்.

“W-14. போன வாரம் பண்ணியிருக்கார். ஆளைக் கொஞ்சம் கூப்பிடுங்க சார்.”

W-14 என்றால் ஏகாம்பரம். பொதட்டூர்பேட்டைக்காரர். மஞ்சள் காமாலையில் அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. பாடைக்கு நானும் தோள் கொடுத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடு, அதாவது வெல்டிங் விதிப் புத்தகம், இரண்டு கேள்வி கேட்கிறது. இந்த மெட்டலை, இந்த ராடு போட்டு, இந்த முறையில் வெல்டு செய்தால் நிற்குமா? அதற்கு ப்ரொசீஜர் டெஸ்ட். இந்த ஆளின் கைக்கு அது வருமா? அதற்கு வெல்டர் டெஸ்ட். பாஸானவருக்கு ஒரு எண், அதை மெட்டலில் பதிக்க ஒரு பஞ்ச். ஆறு மாதம் அந்த முறையில் வெல்டு செய்யாவிட்டால் தகுதி போய்விடும். அதைக் கவனிக்கத்தான் கன்டின்யூயிட்டி லாக் என்ற பதிவேடு.

அதைத் திறந்தேன். W-14க்கு நேராக ‘தொடர்கிறார்’ என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. தினசரி ரிப்போர்ட்டில் அந்த எண் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் பெயரைப் பார்க்காமல் மேலிருந்து கீழே டிக் போட்டிருக்கிறேன். செத்தவருக்குத் தகுதி புதுப்பித்துக் கொடுத்த மகான் நான்.

இன்ஸ்பெக்டரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அந்த ஜாயிண்டின் எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். எல்லோரும் பைப்பின் அடியில் நட்டநடுவில் ஆரம்பிப்பார்கள். ஏகாம்பரம் மட்டும் ஒரு விரல் தள்ளி ஆரம்பிப்பார். இந்த ஜாயிண்டும் ஒரு விரல் தள்ளித்தான் ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு வருடம் அவர் ஃபிலிமைப் பார்த்தவன் நான். அது அவர் கைதான்.

ஃபோர்மேன் முனிரத்தினத்தைத் தேடி ஷாப்புக்குள் போனேன். பட்டப்பகல். ஏகாம்பரத்தின் பழைய வெல்டிங் பூத்தில் ஆர்க் வெளிச்சம். தோல் ஜாக்கெட், ஹெல்மெட். இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, தலையை வலப்பக்கம் சாய்த்து, அச்சு அசல் அவரைப் போல ஒரு உருவம். நான் கூப்பிட நினைக்கவில்லை, வாய் தானாகக் கூப்பிட்டது.

“ஏகாம்பரம்!”

ஆர்க் அணைந்தது. உருவம் மெதுவாக எழுந்து திரும்பி, ஹெல்மெட்டைத் தூக்கியது.

மல்லிகா. ஏகாம்பரத்தின் மனைவி. ஆறு வருடமாக அதே பூத்தில் அவருக்கு கிரைண்டிங் செய்தவர்.

முனிரத்தினம் ஓடி வந்தார். “பேஜாரு பண்ணாதீங்க சார். ஆர்கான் வெல்டருக்கு ஆளே கெடைக்கல. இது அவராண்டயே கத்துக்கினு இருந்துச்சு. பஞ்ச் டப்பாவுலயே கெடந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

அவர் இறந்ததுமே அந்தப் பஞ்சைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டியவன் நான்.

மல்லிகா என்னை நேராகப் பார்த்தார். “ஃபிலிம்ல எதுனா தப்பு கீதா சார்?”

“இல்லம்மா.”

“அப்பறம் இன்னா சார்?”

“நீ டெஸ்ட் குடுக்கலியே மல்லிகா. நாளைக்கு இது வெடிச்சா, செத்தவரைத்தான் போய்க் கேக்கணும்.”

அவர் முகம் சுருங்கியது. அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் சொன்னது நிஜம்.

இன்ஸ்பெக்டரிடம் எதையும் மறைக்கவில்லை; W-14 எண்ணோடு ஏற்கெனவே வெளியே போன வெசல்களின் பட்டியலையும் கொடுத்தேன். ஃபிலிம் சுத்தமாக இருந்தும், இந்த வெசலில் மல்லிகா செய்த ஏழு ஜாயிண்டையும் வெட்டி எடுத்தோம். அதற்கான கிரைண்டிங்கையும் மல்லிகாதான் செய்தார். எனக்கும் முனிரத்தினத்துக்கும் மெமோ. மல்லிகாவை நிறுத்திவிடச் சொன்னார் மேனேஜர். டெஸ்டில் தோற்றால் நிறுத்துங்கள் என்று மன்றாடினேன்.

அடுத்த வாரம் பைப்பைச் சாய்த்துக் கட்டி, அதே இன்ஸ்பெக்டர் முன்னால் மல்லிகாவுக்கு வெல்டர் டெஸ்ட். அந்த ஜாயிண்டிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகளையும் வளைத்துப் பார்த்தோம். எதிலும் ஒரு கீறல்கூட விழவில்லை.

“W-14ஐயே குடுத்துடலாமா?” என்றார் முனிரத்தினம்.

“வேணாம் சார். அது அவுரோட நம்பரு. எனக்கு வேற குடுங்க.”

W-31 கொடுத்தோம். W-14 பஞ்சை நானே கிரைண்டரில் தேய்த்து அழித்தேன்.

இப்போதெல்லாம் லாகைக் கையில் பிடித்துக்கொண்டு பூத் பூத்தாகப் போகிறேன். ஹெல்மெட்டைத் தூக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். W-31 பூத்தில் இடது முழங்காலை ஊன்றியிருக்கும் அந்த உருவம் திரும்பி முகத்தைக் காட்டும்வரை எனக்கு மூச்சே வருவதில்லை.