சரசக்காவுக்குக் குடுக்கலாமோ?

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால் பார்த்த படங்களைப் பற்றிய கதைதான். கத்தரிக்காய்ப் பால்கறி ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும். கூடவே அபிப்பிராயங்களும் போகும். நேற்று நான் ஒரு படத்தைப் பற்றித் தொடங்கியதுதான் தாமதம், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ அக்கா, முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ!" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவைச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய புதிதில், வட்டக்கச்சியில் யோகன் அண்ணை வைத்திருந்த சீடிக் கடையில் வேலைக்கு நின்றேன். என் முதல் வேலை. தகரக் கூரை, ஒரு மேசை, பழைய ரீவி, இரண்டு கதிரை. வெயில் ஏற ஏற சீடி உறைகளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாசம் கிளம்பும். இப்போதும் செருப்புக் கடைக்குள் போனால் அந்த வாசம் வந்து என்னை அப்படியே நிறுத்திவிடும். விலைக்குத்தான் யோசிக்கிறேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார்.

யோகன் அண்ணைக்குப் படம் பார்க்கப் பொறுமை கிடையாது. அதனால் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சீடியைத் திருப்பிக் கொண்டுவருகிற ஆள், படம் எப்படி என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அதை வைத்து நான் அடுத்த ஆளுக்கு எடுத்துக் கொடுப்பேன். உழவு மெசின் ஓட்டுகிற கந்தசாமி அண்ணையை இதில் யாரும் வெல்ல முடியாது. "படம் பரவாயில்லைப் பிள்ளை. ஆனா அவன் உழுறவன் எண்டா நான் நம்பமாட்டன். வயலுக்கை வெள்ளைச் சேட்டோட நிக்கிறான், ஒரு பொட்டுச் சேறு இல்லை." பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே கவனிக்கிறார்கள், சொல்லுங்கள்.

போகும்போது எல்லோரும் இன்னொன்றும் சொல்வார்கள்: சரசக்காவுக்கு ஆகும், அல்லது ஆகாது.

சரசக்கா கடைக்குப் பின்வளவு வீட்டில் இருந்தவர். அவருடைய கணவர் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். வருவார் என்பதில் அக்காவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. படம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் சீடியைக் கையில் வாங்க முதல் ஒரே கேள்விதான். "போன ஆள் திரும்பி வருமோ?" வராது என்றால் அந்தப் படம் வேண்டாம். ஒருதரம் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பல நாள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. அதற்குப் பிறகு ஊரே கவனமாகிவிட்டது. சண்டைப் படத்துக்கு அலைகிற பெடியள்கூட, "சரசக்காவுக்குக் குடுக்காதேங்கோ, தமையன் சாகிறான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போது ஒரு படம் இரண்டு சீடியில் வரும். ஒன்று, இரண்டு என்று பேனையால் எழுதியிருக்கும். வவுனியாவிலிருந்து வந்த ஒரு படத்துக்கு, எழுதிய புண்ணியவான் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார். முதலில் கொண்டுபோனவர் கந்தசாமி அண்ணை. இரண்டாம் பாதியை முதலிலும் முதல் பாதியைப் பிறகும் பார்த்துவிட்டு மனிதருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"படத்தின்ர பேரை நடுவில போடுறாங்கள், இப்பத்தைப் பாணி போல. புருசன் கடல்ல செத்திட்டான் எண்டு முதல் எல்லாரும் அழுகினம். பேந்து ஆள் வந்திட்டான், மீசையும் வழிச்சு, இன்னும் இளமையாய். கடைசியில திரும்பவும் கலியாணம் கட்டினம். சரசுவுக்குக் குடுக்கலாம்."

கொடுத்தேன். அடுத்த நாள் சரசக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "செத்திட்டார் எண்டு ஊரே சொன்னது பிள்ளை. அவர் வந்து நிக்கிறார்!"

பெயர் நடுவில் வருகிற கதை யோகன் அண்ணைக்கு இடித்திருக்க வேண்டும். சீடியை வாங்கி அங்கேயே ரீவியில் போட்டு ஓட்டிப் பார்த்தார். நான் கண்ணைக் காட்ட முதல் வாய் திறந்துவிட்டார்.

"இலக்கம் மாறிப்போச்சக்கா. கலியாணம்தான் முதல். சாகிறது பிறகு."

ரீவியில் அந்தக் கணவன் கலியாண மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். சரசக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். யோகன் அண்ணை இலக்கத்தைத் திருத்தப் பேனையை எடுத்தார்.

"மாத்தாதேங்கோ தம்பி. அப்பிடியே கிடக்கட்டும். நாளைக்கும் எனக்கு இதுதான் வேணும்."

யோகன் அண்ணை பேனையை மூடிவிட்டார். அந்தப் படத்தை அதன்பிறகு வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. சரசக்கா அழவில்லை, அழுதது நான்தான். தன் படத்தை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று தீர்மானிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. இதை யாரோடும் அடித்துப் பேச நான் தயார்.

இப்போது அந்தக் கடையில் கைபேசிக்குக் காசு போடுகிறார்கள். கந்தசாமி அண்ணை வயல் வரம்பில் இருந்தபடியே படம் பார்க்கிறார்; எப்படி என்று அவரை யாரும் கேட்பதில்லை. ஒரு படம் இன்னொருத்திக்கு ஆகுமா என்று யோசித்துப் பார்த்த ஆட்கள் எங்கும் போய்விடவில்லை. ஆளுக்கொரு கைபேசியோடு ஊரில்தான் இருக்கிறார்கள்.

போன மாதம் சரசக்காவைச் சந்தையில் கண்டேன். கணவர் இன்னும் வரவில்லை. தங்கையின் மகள் வாங்கிக் கொடுத்த பெரிய கைபேசி ஒன்று வைத்திருந்தார்.

"இதில எல்லாப் படமும் வருமே அக்கா. பாக்கிறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. ஆராவது முதல் பாத்துச் சொன்னாத்தானே."