எர்த் கம்பிக்கு ஊற்றாத தண்ணீர்

இன்று வீட்டு வயரிங்குக்கு எர்த் குழி தோண்டியவர் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது எழுந்த மண்வாசனை, குளத்தூர் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த, பிறகு இடிபட்டுப்போன தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது.

அங்கேதான், சிறுவயதில், மூங்கில் குழாயில் செம்புக் கம்பி சுற்றி, படிகக்கல்லை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுத் தேடினால், ஹெட்போனில் திருச்சி வானொலியின் நாகஸ்வரம் கொசுவின் குரலில் கேட்கும் ஒரு ரேடியோவைச் செய்திருந்தேன். அதற்குக் கரண்ட் வேண்டாம். பனைமரத்தில் கட்டிய ஏரியலும் மண்ணில் புதைத்த எர்த் கம்பியும் போதும். மண் காய்ந்தால் ஊமையாகிவிடும் என்பதால் தினமும் கம்பியின் அடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவேன்.

அதை மில்காரர் மகன் பிடுங்கிக்கொண்டான். "எங்க கொட்டகையில இருந்தா எங்களுதுதான்டா. அங்கிட்டுப் போ."

சித்திரை வெயிலில் ஒருநாள் ரேடியோ கேட்க ஊரையே கூட்டினான். முதலில் ஹெட்போனை மாட்டிய கணக்கப்பிள்ளை, "தம்பி, சங்கைக் காதுல வச்சாலும் ஏதாச்சும் கேக்குமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் முகம் கறுத்தது. "டேய், என்னடா செஞ்ச?"

"ஒண்ணுமே செய்யலீங்க."

கையில் கொண்டுபோயிருந்த செம்புத் தண்ணீரை அவன் பார்க்கப் பார்க்க மடமடவென்று குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.